கொல்லையில் ஒரு காந்தள் கொடி

கோடை முடிந்து ஆனி, ஆடி மாதங்களில் முதல் மழை மண்ணை நனைத்தவுடன், நம் புதுக்கோட்டைச் சீமையின் புதர்க்காடுகளிலும் பழைய கிளுவை வேலிகளிலும் ஒரு கொடி தானாகத் தலைகாட்டுகிறது. அதை யாரும் விதைத்ததில்லை. யாரும் நீர் பாய்ச்சியதும் இல்லை. ஆவணியும் புரட்டாசியும் வரும்போது அக்கொடி வேலியின் உச்சியில் ஏறி நின்று, நெருப்புக் கொழுந்து போன்ற மலர்களை ஏந்துகிறது. அதுவே காந்தள். செந்நிறத்தால் செங்காந்தள் என்றும், மழைக்கால மலராதலின் கார்த்திகைப் பூ என்றும் அதனை வழங்குகிறோம்.

தோட்டத்தில் பூச்செடி வைக்க விரும்பும் அங்கத்தினர்கள் பெரும்பாலும் ரோஜாவையும் குரோட்டன்ஸையும் காகிதப்பூவையும் நாடுவதைக் காண்கிறோம். அவற்றைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. எனினும், நமது மண்ணுக்கே உரியதும், ஆண்டுதோறும் கிழங்கிலிருந்து தானே மீண்டும் முளைப்பதும், தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற சிறப்பைப் பெற்றதுமான காந்தளை வீட்டுக் கொல்லையில் வளர்ப்போர் மிகச் சிலரே. அதனை எவ்வாறு வளர்ப்பது, எங்கிருந்து கிழங்கைப் பெறுவது, எவ்வகை எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம். எச்சரிக்கை என்னும் சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். ஏனெனில் இக்கொடி எவ்வளவு அழகுடையதோ அவ்வளவு நஞ்சும் உடையது.

பெயர்களும் பெருமையும்

காந்தளுக்கு நம் மொழியில் பெயர்கள் பல. அதன் கிழங்கு கலப்பையைப் போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பர். வடமொழியில் இலாங்கலி என்னும் பெயரும் கலப்பையைக் குறிப்பதே. வாணிபத்திலும் வேளாண்மைத் துறையிலும் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரே வழக்கில் உள்ளது. இப்பூவை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. நம்பிக்கை எவ்வாறாயினும், குழந்தைகளை இக்கொடியினின்று விலக்கி வைக்க அப்பெயர் பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. தாவர நூலார் இதனைக் குளோரியோசா சூப்பர்பா என்பர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இட்ட பெயர் இது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலின் முதற் பூ செங்காந்தளே. முருகப் பெருமானுக்கு உரிய பூவாகவும் இதனைப் பழந்தமிழர் போற்றினர். கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் இக்கொடி காடுகளில் வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டிற்கு இதுவே தேசிய மலர். 1947இல் அந்நாடு தென் ரொடீஷியா என்னும் பெயரோடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, இளவரசி எலிசபெத்தின் இருபத்தொன்றாம் பிறந்தநாளையொட்டி அந்நாட்டுக் குழந்தைகளின் சார்பில் அளிக்கப்பட்ட வைர அணி, இம்மலரின் வடிவில் செய்யப்பட்டதாகும்.

தறியில் அமர்வோருக்கு இம்மலரைப் பார்க்க இன்னும் ஒரு காரணம் உண்டு. காந்தளில் ஆறு இதழ்கள். விளிம்புகள் அலையலையாக நெளிந்தவை. மலர் விரியும் நாளில் இதழ் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பின்னர் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். நாள் செல்லச் செல்லச் சிவப்பு கீழிறங்கி, முடிவில் இதழ் முழுவதும் கருஞ்சிவப்பாகிவிடும். ஊடை நூலின் நிறத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஓட்டினால் துணியில் எத்தகைய நிறவோட்டம் தோன்றுமோ, அதனை ஒரே கொடியில் ஒரே வேளையில் காணலாம். கீழ்ப்பூ சிவந்திருக்க, நடுப்பூ மஞ்சளாயிருக்க, மேல் மொட்டுப் பச்சையாக நிற்கும். கரைக்கும் முந்தானைக்கும் புதிய நிறச்சேர்க்கை தேடும் நெசவாளர், கொல்லைப்புறத்தில் பத்து நாள் இக்கொடியைக் கவனித்தாலே போதும்.

வேலிகள் எங்கே போயின?

முன்னாட்களில் நமது ஊர்களில் தோட்டத்துக்கு வேலி என்றால் கிளுவையும் கள்ளியும் நொச்சியுமே. அவற்றின் நிழலில் சருகு சேர்ந்து மண் மிருதுவாக இருக்கும். காந்தள் போன்ற கிழங்குக் கொடிகளுக்கு அது தாய்மடி. இன்று உயிர்வேலிகளை அழித்துக் கல்தூணும் முள்கம்பியும் நிறுத்துகிறோம். புறம்போக்குகளிலும் கண்மாய்க் கரைகளிலும் சீமைக்கருவேல் படர்ந்துவிட்டது. பழைய புதர்க்காடுகள் பலவற்றில் தைலமரம் வரிசையாக நடப்பட்டிருக்கிறது. இவற்றின் நடுவே காந்தளுக்கு இடம் சுருங்கிப் போயிற்று.

மிஞ்சி நிற்பவை பெரும்பாலும் அய்யனார் கோயில்காடுகளே. மண்குதிரைகள் நிற்கும் அந்தக் காடுகளில் ஒரு கொம்பையும் ஒடிக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டை நம் முன்னோர் வைத்துச் சென்றனர். அதனால்தான் ஊரில் வேறெங்கும் காணாத மரங்களையும் கொடிகளையும் அங்கே இன்றும் காண முடிகிறது. ஆயினும் காந்தள் கிழங்குக்கும் விதைக்கும் மருந்துச் சந்தையில் விலை உண்டு. மருந்துக்காகவும் நடவுக்காகவும் காட்டுக் கொடிகளிலிருந்து கிழங்கு தோண்டுவது தமிழகத்தின் பல பகுதிகளில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்திருக்கிறது. விதையைப் பறித்தால் கொடி அடுத்த ஆண்டும் முளைக்கும். கிழங்கைத் தோண்டினாலோ அவ்விடத்தில் அதன் வாழ்வு முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் இதே கொடி மணல்மேடுகளில் பரவி, களையென்று கருதப்பட்டு அழிக்கப்படுகிறது. ஆகவே காந்தள் வளர்வதற்கு அரிய கொடியன்று. நல்ல வடிகாலும், ஏறுவதற்கு ஒரு கொம்பும், கோடையில் தொந்தரவின்றிக் கிடக்க ஓரிடமும் கிடைத்தால் அது வாழும். அந்த மூன்றையும் நாம் பறித்துக்கொண்டதே அதன் குறைவுக்குக் காரணம். அம்மூன்றையும் நம் கொல்லையில் திருப்பிக் கொடுக்க முடியும்.

கொடியின் ஆண்டு வாழ்வு

காந்தளை வளர்ப்பதற்கு முன் அதன் காலக்கணக்கை அறிதல் இன்றியமையாதது. பெரும்பாலோர் தோல்வியுறுவது இதனை அறியாமையாலேயே.

மாசி முதல் வைகாசி வரையில் கிழங்கு மண்ணுள் உறங்குகிறது. அப்போது மேலே ஒன்றும் தென்படாது. கொடி பட்டுப்போயிற்று என்று எண்ணி அவ்விடத்தைக் கொத்திவிடுவோரும், உயிர்ப்பிக்க வேண்டுமென்று நாள்தோறும் நீர் ஊற்றுவோரும் உண்டு. இரண்டும் தவறு. உறங்கும் கிழங்கிற்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். ஆனி, ஆடியில் மழையோடு முளை எழும். தண்டு விரைவாக நீண்டு இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வரை ஏறும். இக்கொடிக்குத் தனியான பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்கிறது. ஆவணி முதல் ஐப்பசி வரையில் பூக்கும். பின்னர்க் காய் பிடித்து முற்றி, மார்கழி, தை மாதங்களில் வெடிக்கும். உள்ளே செம்மணி போன்ற விதைகள் வரிசையாக இருக்கும். அதன்பின் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிடும்.

மண்ணுக்கு மேலே கொடி பூத்துக் காய்க்கும் வேளையில், மண்ணுக்குக் கீழே வேறொரு வேலை நடைபெறுகிறது. நாம் நட்ட பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போகிறது. அதற்குப் பதிலாக இரு கிளையுள்ள புதிய கிழங்கொன்று உருவாகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண் இருக்கும். அடுத்த ஆண்டின் கொடி அந்தக் கண்ணிலிருந்தே எழவேண்டும். கண் ஒடிந்துபோன கிளை எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. எனவே கிழங்கைக் கையாளும்போது நுனியில் அடிபடாமல் காப்பதே முதல் விதி.

கிழங்கை எங்கே பெறுவது?

காட்டிலும் கோயில்காட்டிலும் தோண்டாதீர்கள் என்று அங்கத்தினர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். வழிகள் இரண்டு உண்டு.

முதலாவது, ஏற்கெனவே சாகுபடி செய்வோரிடமிருந்து விதைக்கிழங்கு வாங்குவது. திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்திலும் இதனை வயற்பயிராகவே வளர்க்கின்றனர். வாங்கும்போது ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ளதும், நுனிக்கண் ஒடியாததும், மென்மையாகி அழுகாததுமான கிழங்கைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சிறு கிழங்கு முளைத்தாலும் அந்த ஆண்டு பூப்பது அரிது.

இரண்டாவது, விதையிலிருந்து வளர்ப்பது. இது பொறுமையை வேண்டும். விதை முளைக்கப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். எல்லாம் ஒன்றாகவும் முளைப்பதில்லை. முளைத்த நாற்று முதலாண்டில் புல்லிதழ் போன்ற சில இலைகளை மட்டும் விட்டு, பட்டாணி அளவு கிழங்கொன்றை வைத்துவிட்டு மறைந்துவிடும். பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். ஆயினும் காட்டுக் கொடியின் கிழங்கைத் தொடாமல், சில விதைகளை மட்டும் எடுத்து இனத்தைப் பெருக்க இதுவே நேரிய வழி.

மண்ணும் நடவும்

ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பகுதிகளின் செம்மண்ணும் செம்புரை மண்ணும் காந்தளுக்கு ஏற்றவை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்திலும் வளரும். கண்மாய்ப் பாசன வயல்களின் களிமண் மட்டும் உதவாது. மழை பெய்து ஒரு நாள் கழிந்தும் நீர் நிற்கும் இடமாயின், அங்கே கிழங்கு அழுகும் என்பது உறுதி. அத்தகைய கொல்லை உடையவர்கள் ஒரு முழ உயரத்திற்கு மேடு கட்டியோ, பெரிய மண்தொட்டியிலோ நடலாம். தொட்டியின் அடியில் துளையும், துளையின்மேல் ஓட்டுச் சில்லும் இருத்தல் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் ஒன்றை நினைவிற் கொள்க: வேர் நிழலிலும் தலை வெயிலிலும் இருப்பதையே இக்கொடி விரும்புகிறது. காட்டில் புதரின் அடியில் முளைத்துப் புதரின் மேலே பூப்பது இதனாலேயே. ஆதலால் வேலியோரமோ, நொச்சி போன்ற செடியின் அருகோ பொருத்தமானது. கிணற்றடியும், சமையலறை நீர் ஓடும் வாய்க்காலோரமும், வாழைப்பாத்தியும் ஆகா. கோடையில் அவ்விடங்களில் ஈரம் நிற்கும்.

ஆனி மாதத்தில் நடவு செய்வது நன்று. குழியில் இரண்டு கை மக்கிய தொழுவுரமும், மண் இறுகியதாயின் அதே அளவு மணலும் கலக்குக. புதுச் சாணம் இடலாகாது. கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, முளைக்கண் சற்றே மேல்நோக்கி இருக்குமாறு அமைத்து, நான்கு விரல் ஆழத்தில் மண்ணால் மூடுக. கொடிக்குக் கொடி ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளி போதும். நட்ட அன்று ஒருமுறை நீர் விட்டு, முளை வெளிவரும் வரையில் மண் முழுதும் காய்ந்தால் மட்டும் நனைக்க வேண்டும். முளை ஒரு சாண் உயர்ந்தபின், மழையில்லாத வாரங்களில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ நீர் விட்டால் போதும். காய் முற்றத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிடுக.

நட்ட இடத்தில் ஓர் அடையாளக் கல்லோ குச்சியோ வைத்தல் அவசியம். எட்டு மாதம் தழைத்த கொடியை நாம் மறப்பதில்லை. நான்கு மாதம் மண்ணுள் உறங்கும் கிழங்கையே மறக்கிறோம். கோடையில் வேறு எதற்கோ மண்வெட்டி போடும்போது அது வெட்டுண்டு போகிறது.

கொம்பும் கட்டும்

முளை வெளிவரும் முன்பே கொம்பு ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் மண்ணுள் வளரும் கிழங்கு குத்துப்படும். வயலில் சாகுபடி செய்வோர் முள்கிளுவை அல்லது விராலிச் செடியின் போத்துகளை நட்டு, அவற்றின் மேல் கொடியை ஏற்றுகின்றனர். கொல்லையிலும் இதுவே சிறந்த முறை. உயிருள்ள கொம்பு வேர் ஊன்றி நிற்கும். பூக்கும் பருவத்தை அடுத்து வருவது நமது புயற்பருவம் என்பதை மறத்தல் ஆகாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னைகளையும் பந்தல்களையும் சாய்த்ததை எவர் மறப்பர்? செத்த மூங்கில் சாயும்போது கொடியையும் முறித்துக்கொண்டு விழும்.

காந்தளின் தண்டு மெல்லியது. கயிற்றால் கட்டினால் அறுந்துவிடும். இங்கே நெசவாளர் வீட்டில் உள்ள ஒரு பொருள் உதவும். பாவு முடிந்து துணியை அறுத்தெடுத்தபின் தறியில் மீந்திருக்கும் பருத்தி நூல் துண்டுகளை ஐந்தாறாகச் சேர்த்துத் திரித்து, எட்டின் வடிவாகத் தளர்த்திக் கட்டினால் தண்டு நோகாது. இலைநுனி கொம்பைப் பற்றிக்கொண்டபின் அக்கட்டு தேவையில்லை. பருத்தி நூலாதலின் அதுவும் மழையில் மக்கி மண்ணாகிவிடும்.

புழுவும் அழுகலும்

மழைக்காலத்தில் கருநிற உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் அமைந்த புழுக்கள் இலைகளில் கூட்டமாகத் தோன்றுவதுண்டு. அவை இரண்டு மூன்று நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். கொல்லையில் நாலைந்து கொடிகளே இருக்குமாதலின், காலையில் குச்சியால் தட்டிச் சோப்பு நீரில் போட்டு அழித்தல் எளிது. மிகுதியாயின் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற அளவில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

இலையில் பழுப்புப் புள்ளி தோன்றிப் பரவுமாயின் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துக. கிழங்கழுகலுக்குப் பின்னர்ச் செய்யத்தக்க மருத்துவம் குறைவு. வடிகாலே அதற்கு மருந்து.

காய் பிடிக்கவில்லையே என்று சிலர் கவலைப்படுவர். காந்தள் மலரில் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டு, மகரந்தப் பைகளுக்கு எட்டாமல் நிற்கிறது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து மகரந்தத்தைச் சுமந்து சென்றால்தான் காய் உண்டாகும். அவை வாராத இடத்தில், காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே ஒரு மென்தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, புதிதாக விரிந்த மற்றொரு பூவின் சூல்முடியில் தடவலாம். வயற்சாகுபடியில் இவ்வேலையை ஆட்களை வைத்து நாள்தோறும் செய்கின்றனர்.

நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை

இனி, இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். காந்தளின் கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ அனைத்தும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கோல்ச்சிசின் என்னும் பொருளே இதற்கு மூலம். 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேயும் கவந்தூவும் இதே பொருளை ஐரோப்பியக் கிழங்குச் செடி ஒன்றிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தனர். மிகச் சிறிய அளவில் இது கீல்வாத வகையொன்றுக்கு மருந்தாகிறது. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இதயநோய் அபாயத்தைக் குறைக்கவும் இம்மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றுக்கொண்டது. பயிர் ஆராய்ச்சியில் இனக்கீற்றுகளை இரட்டிப்பாக்கவும் 1937 முதல் இது பயன்பட்டு வருகிறது. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள அளவு மிக நுண்ணியது. அதனைக் கண்ணால் அளக்க எவராலும் இயலாது. பேறுகாலத்துக்கென்றும், கடிக்கென்றும், வலிக்கென்றும் கைவைத்தியமாக இக்கிழங்கை உபயோகிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கைப் போன்றிருப்பதால் தவறுதலாகச் சமைத்து உண்டு இறந்தோர் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் வாய் எரிச்சலும் கடும் வாந்தியும் பேதியும் தோன்றும். பின்னர் இரத்தமும் சிறுநீரகமும் கெடும். உயிர் பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமயிர் உதிர்வதுண்டு. இதற்கென உறுதியான முறிவு மருந்து இல்லை. ஆகவே எவரேனும் உண்டதாக ஐயம் தோன்றினாலும், வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று காத்திராமல், 108 வண்டியை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உண்ட கிழங்கின் மிச்சத்தையோ கொடியின் ஒரு துண்டையோ உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாயிருக்கும்.

கொல்லையில் வளர்ப்போர் கீழ்க்கண்டவற்றை விடாது கடைப்பிடிக்க வேண்டும்:

1. தவழும் குழந்தையும் பள்ளிக்குச் செல்லாத சிறுவரும் உள்ள வீட்டில், அவர்கள் வளரும் வரையில் காந்தளை நடவேண்டாம்.

2. சர்க்கரைவள்ளி, சேனை, கருணை முதலிய உண்ணும் கிழங்குகளின் பாத்தியில் இதனை நடலாகாது. தோண்டிய கிழங்கைச் சமையலறையிலோ, காய்கறிக் கூடையிலோ ஒருபோதும் வைக்கலாகாது. மணல் நிரப்பிய தனிப் பானையில், நஞ்சு என்று எழுதி ஒட்டி, உயரத்தில் வைக்க வேண்டும்.

3. விதை சிவந்து மணி போலிருப்பதால் குழந்தைகளைக் கவரும். விதை தேவையில்லாதவர்கள் காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளி ஆழப் புதைத்துவிடுக. பூவின் அழகுக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

4. ஆடும் மாடும் எட்டாத இடமாக இருக்கட்டும். அறுத்த கொடியைத் தீவனத்தோடு சேர்க்காதீர்கள்.

5. கிழங்கை நடும்போதும் பிரிக்கும்போதும் கையுறை அணிக. கையுறை இல்லையெனில் பாலித்தீன் பையையேனும் கையில் சுற்றிக்கொள்க. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுமுன் கண்ணையும் வாயையும் தொடலாகாது. உலர்ந்த காயை உடைப்போர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

இவற்றைப் படித்து அஞ்சவேண்டியதில்லை. அரளியும் ஊமத்தையும் நம் கோயில்களின் பூசைக்குரியவை, அவையும் நஞ்சே. அவற்றோடு எவ்வாறு பழகுவது என்பதைப் பாட்டிமார் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். காந்தளைப் பற்றிய அந்தப் பாடம் மட்டும், கொடி வேலியினின்று மறைந்ததோடு நம் வீடுகளிலிருந்தும் மறைந்து வருகிறது. கொடியை அறியாத குழந்தையே காட்டில் அதன் கிழங்கைக் கண்டு ஏமாறும்.

வயலுக்குக் கொண்டு போகலாமா?

இதனைப் பணப்பயிராகவே செய்தால் என்ன என்ற கேள்வி அங்கத்தினர் மனத்தில் எழுவது இயல்பே. இதன் விதை மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. நன்கு பராமரித்த வயலில் ஓர் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 80 முதல் 100 கிலோ உலர்ந்த விதை கிடைக்கலாம். நட்டதிலிருந்து அறுவடைக்கு ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். ஒருமுறை நட்ட கிழங்கு சில ஆண்டுகள் தொடர்ந்து பலன் தரும்.

ஆயினும் இரண்டு தடைகளைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. விதைக்கிழங்கு, பந்தற்செலவு, மகரந்தம் தடவும் ஆட்கூலி ஆகிய மூன்றும் முதலாண்டிலேயே பெருந்தொகையை விழுங்கும். அடுத்தபடியாக, விதையை வாங்குவோர் மிகச் சிலரே. அவர்கள் சொல்வதே விலை. ஓராண்டு உச்சத்துக்கு ஏறும் விலை மறு ஆண்டில் பாதாளத்துக்கு வீழ்வதைக் கொங்கு நாட்டு உழவர்கள் பலமுறை கண்டுள்ளனர். அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய கோரிக்கை. தனியொரு விவசாயி கடன் வாங்கி இதில் இறங்குவதை நாம் ஊக்குவிக்கமாட்டோம். பலர் சேர்ந்து, விதையை ஒன்றாகக் காயவைத்து, தரம் பிரித்து, விலை வரும் வரையில் இருப்பு வைத்து விற்கும் ஏற்பாடு முதலில் அமையட்டும்; வயல் பிறகு வரட்டும். கீரமங்கலத்துப் பூச்சந்தையை அறிந்த நம்மவர்களுக்கு, வாங்குவோர் குறைந்த நாளில் பூவின் விலை என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

கொல்லைக் கொடிக்கோ இத்தனை தடைகள் இல்லை. அதற்கு ஓர் எளிய கூட்டுறவு ஏற்பாட்டை அங்கத்தினர் முன் வைக்கிறோம். ஒவ்வொரு சங்கமும் சாகுபடியாளர்களிடமிருந்து ஐம்பது கிழங்குகளை மொத்தமாக வாங்கி, விரும்பும் ஐம்பது வீடுகளுக்கு ஒன்றாகக் கொடுக்கட்டும். நல்ல நிலத்தில் ஓர் ஆண்டு வளர்ந்த கிழங்கு இரு கிளையுடையதாகிறது என்று மேலே கண்டோம். தை மாதத்தில் கொடி காய்ந்தபின் அதனை மெல்லத் தோண்டி, இரு கிளையையும் வளைவில் பிரித்து, ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றொன்றைச் சங்கத்திற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாண்டில் கிளை சிறுத்திருப்பின் அடுத்த ஆண்டு கொடுக்கலாம். திரும்பி வரும் கிழங்குகள் புதிய வீடுகளுக்குச் செல்லும். கடன் கொடுத்த முதலும் குறையாது, வட்டியும் இல்லை, காட்டில் ஒரு மண்வெட்டியும் விழாது. கிழங்கைக் கொடுக்கும்போதே நஞ்சு பற்றிய எச்சரிக்கையை வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுப்பது சங்கச் செயலாளரின் பொறுப்பாக இருக்கட்டும்.

இரண்டாம் கட்டமாக, அய்யனார் கோயில்காட்டின் விளிம்பிலும், பள்ளிக்கும் மேய்ச்சலுக்கும் விலகிய பழைய உயிர்வேலிகளிலும், ஊராரின் இசைவோடு சில கிழங்குகளை நட்டு வைக்கலாம். வேலி பெற்றிருந்ததை வேலிக்கே திருப்பிக் கொடுப்பதாகும் அது.

இவ்வாண்டு ஆனியில் நடும் கிழங்கு ஆவணியிலேயே பூத்தாலும் பூக்கும்; ஓர் ஆண்டு கழித்துப் பூத்தாலும் பூக்கும். கோடையில் வெறுமண்ணாகக் கிடக்கும் அந்த இடத்தைக் கொத்தாமல் காத்திருப்பதே வளர்ப்போரின் முதற் கடமை. மழை வந்ததும் முளை தானே வரும். அங்கத்தினர்கள் நடவுக்கு முன்பே தத்தம் சங்கத்தில் பெயர் பதிவு செய்துகொண்டு, தம் கொல்லையில் நீர் நில்லாத ஓர் இடத்தை இப்போதே பார்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.